பெருவிரல் பள்ளம்

கடைசித் தக்கை வளையத்தை ஒட்டுவதற்கு முன் நல்லதம்பி காதுக்குப் பின்னால் செருகியிருக்கும் பென்சிலை எடுப்பார். தச்சுவேலைக்காரரின் தட்டைப் பென்சில். சுண்டுவிரல் நீளத்துக்குத் தேய்ந்தது. நுனியை நாக்கில் ஒருமுறை தொடுவார். தூண்டில் தடியைத் தொடையில் கிடத்துவார். முழங்கையை இடுப்போடு அணைத்துக்கொண்டு, தக்கை மூடப்போகிற அந்த இரண்டு விரல் அகல இடத்தில் அன்றைய தேதியை எழுதுவார். பக்கத்தில் ‘ந’ என்று ஒரேயொரு எழுத்து. எழுதியதும் மெல்ல ஊதுவார். ஊதிப் பறக்க அங்கே தூசு ஏதும் இருக்காது. பிறகு பசை, அதன் மேல் தக்கை. பிடியை உடைத்தாலொழிய அந்த எழுத்தை உலகத்தில் ஒருவரும் பார்க்கமுடியாது.

“பேப்பர்ல போடுற மாதிரிப் பேரு போடுறீங்க. யாரு பாக்கப்போறா?” என்று அவருடைய மனைவி பேச்சியம்மா கேட்பாள்.

“யாரும் பாக்காம இருக்கத்தான் போடுறேன்,” என்பார். 

வன்னியில், முத்தையன்கட்டுக் குளத்தின் இடதுகரையில், வாய்க்கால் பிரிகிற இடத்தில் சிவராசாவின் விடுதி இருக்கிறது. ஆறு அறைகள், நீண்ட விறாந்தை, பின்னால் குசினி. குசினிக்குப் பின்னால் தகரக் கொட்டில் ஒன்று. அதன் ஒரு பாதியில் நல்லதம்பியும் பேச்சியம்மாவும் குடியிருந்தார்கள், மற்றப் பாதியில் தூண்டில் தடிகள் இருந்தன. குளத்தில் விரால் பிடிப்பதற்கென்றே ஆவணி விடுமுறையில் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருவார்கள். பேச்சியம்மா அவர்களுக்குச் சமைத்தாள். நல்லதம்பி முற்றம் கூட்டினார், மீன் வெட்டினார், தடிகளைப் பராமரித்தார். பதின்மூன்று வருடம்.

தக்கைவேலையை அவருக்கு யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. சண்டை முடிந்த பிறகு கண்ணிவெடி அகற்ற வந்த வெள்ளைக்காரர் ஒருவர் கொஞ்சக்காலம் விடுதியில் தங்கியிருந்தார். போகும்போது பிடி உதிர்ந்துபோன தடியொன்றைக் குப்பையோடு போட்டுவிட்டுப் போனார். நல்லதம்பி அதை எடுத்துச் சவர அலகால் நெடுக்காகப் பிளந்து பார்த்தார். தக்கை ஒரே கட்டையல்ல, வளையம் வளையமாக அடுக்கியது என்று அன்றுதான் தெரிந்தது. உள்ளே, முகம் தெரியாத எவனோ ஒரு தொழிலாளி, பென்சிலால் ஓர் இலக்கமும் ஓர் எழுத்தும் போட்டிருந்தான். அந்த எழுத்தை நல்லதம்பியால் வாசிக்கமுடியவில்லை. ஆனால் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு விடுதிக்கு வருபவர்களின் வைன் போத்தல் தக்கைகளை ஒரு மாப்பால் தகரப் பேணியில் சேர்க்கத் தொடங்கினார். போத்தல் தக்கையை வட்டமாக அறுத்து, எலிவால் அரத்தால் நடுவில் துளையிட்டு, வளையத்தை இரண்டாகப் பிளந்து, தடியைச் சுற்றிப் பசை போட்டு ஒட்டி, பழைய சைக்கிள் ரியூப்பைக் கீலம் கீலமாக வெட்டி இறுக்கிச் சுற்றி ஒருநாள் வைப்பார். அவிழ்த்த பிறகு சாண்ட் பேப்பரால் தேய்த்துத் தேய்த்து உருட்டுவார். சின்னக் குழிகள் விழுந்த பிடியென்றால் தக்கைத் தூளைப் பசையில் குழைத்து அடைப்பார். புதுத் தக்கை வெளிறிப்போய் நிற்கும். அதற்குப் பால் விடாத தேநீரைத் துணியில் தோய்த்து, பழைய தக்கையின் நிறம் வரும்வரை ஒற்றியெடுப்பார். தேயிலைச் சாயம் எத்தனை ஒற்றுக்கு எத்தனை வருடத்து அழுக்கைக் காட்டும் என்று அவருடைய கைக்குத் தெரியும்.

அவருடைய தாயும் தகப்பனும் மலைநாட்டுத் தோட்டத்தில் தேயிலை பறித்த ஆட்கள். எழுபத்தேழு கலவரத்தில் அடித்துக் கலைத்தபோது, ஆறு வயதுப் பிள்ளையான அவரைத் தோளில் வைத்துக்கொண்டு வன்னிக்கு வந்து, யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறி இடதுகரையில் வயல் எடுத்திருந்த ஐயாத்துரையிடம் கூலிக்கு நின்றார்கள். ஒருநாள் ஐயாத்துரையின் தண்ணி இறைக்கிற மெசினைக் காணவில்லை. யாரும் யோசிக்கவில்லை. நேரே கூலிக்காரரின் குடிசைக்கு வந்தார்கள். நல்லதம்பியின் தகப்பனைப் பாலைமரத்தில் கட்டிவைத்து மத்தியானம் வரைக்கும் அடித்தார்கள். நான்காம் நாள் மெசின் வாய்க்காலுக்குள் கிடந்தது. மழைவெள்ளத்தில் வரம்பு இடிந்து விழுந்திருந்தது. மெசினைத் தூக்கிக் கழுவிப் பூட்டினார்கள். வேறொன்றும் நடக்கவில்லை. தகப்பன் சாகும்வரை ‘மெசின் கள்ளன்’ தான்.

அதனால் நல்லதம்பிக்கு ஒரு பயம் இருந்தது. பசிக்கு, பாம்புக்கு, ஆமிக்காரருக்குப் பயந்ததைவிடப் பெரிய பயம். அந்த ஒரு சொல் தன்மேல் விழுந்துவிடக்கூடாது. விழுந்தால் அந்தக் கொட்டிலும் இல்லை, வன்னி முழுக்கத் தேடினாலும் இன்னொருவருடைய பொருளை நம்பித் தருகிற கையும் இல்லை.

போன ஆவணியில் ஐயாத்துரையின் மகன் குகதாசன் சுவிசிலிருந்து வந்தார். அறுபது வயது, வெள்ளைக் காற்சட்டை, கறுப்புக் கண்ணாடி. சிவராசாவோடு ஒன்றாகப் படித்தவர். அவரோடு ஆறு குடும்பங்கள் வந்தன. கனடாவிலிருந்து அப்புத்துரை வந்திருந்தார், அவர் இருக்கிற இடத்தில் சத்தத்துக்குக் குறைவில்லை. சிவராசாவின் மருமகள் முறையான கிருசாந்தி, சுவிசில் குகதாசன் இருக்கிற பட்டணத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளை, எந்நேரமும் போனைக் கையில் வைத்துப் படம் பிடித்துக்கொண்டு திரிந்தாள்.

வந்த அன்று பின்னேரமே குகதாசன் விறாந்தையில் தன் தடியை உறையிலிருந்து உருவினார். பழுப்பு நிறத்தில் பழைய தடி. கைபட்டுக் கைபட்டு மாநிறமாகிப்போன தக்கைப் பிடி.

“இந்தா, பெருவிரல் வைக்கிற இடத்தில தொட்டுப் பாருங்கோ,” என்று ஒவ்வொருவரிடமும் நீட்டினார். “இருபது வருசம். என்ர கை தோண்டின பள்ளம். காசு குடுத்து வாங்கேலாது.”

ஒவ்வொருவராகப் பெருவிரலை வைத்துப் பார்த்தார்கள். அப்புத்துரை தன் விரலை வைத்துவிட்டு, “என்ர மனிசி இருபது வருசமா என்ர கழுத்தில வைச்ச விரலுக்கும் இப்பிடித்தான் ஒரு பள்ளம் கிடக்கு,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தேநீர்த் தட்டோடு நின்ற நல்லதம்பியிடம் குகதாசன் நீட்டவில்லை. “உவன் எங்கட ஐயான்ர வயலில நிண்ட பெடியன்தானே?” என்று சிவராசாவிடம் கேட்டார். நல்லதம்பிக்கு வயது ஐம்பத்துமூன்று.

மூன்றாம் நாள் காலை குகதாசன் தனியாகக் குசினிப்பக்கம் வந்தார். கையில் துவாய் சுற்றிய தடி. முதல்நாள் விரால் பிடித்த கையோடு, பிடியில் மீன்வழும்பு காயாமல், விறாந்தையில் சாத்திவிட்டுப் படுத்திருக்கிறார். அந்த வழும்பு மணத்துக்கு எலி வந்திருக்கிறது. பிடியின் முன்பாதி கொறித்த சோளப்பொத்தி போலக் கிடந்தது.

“ஞாயிற்றுக்கிழமை போட்டி. அதுக்கிடையில பழையபடி வரவேணும்,” என்றார்.

“வரும் ஐயா.”

“ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது. சிவராசாவுக்கும் சொல்லாதை. எலி திண்ட தடியெண்டு அப்புத்துரை கனடா வரைக்கும் கொண்டுபோவான்.”

“ஓம் ஐயா. சொல்லமாட்டன்.”

கொட்டிலின் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் வேலைசெய்தார். முன்பக்கத்து ஏழு வளையங்களையும் வெட்டி எடுக்கவேண்டியிருந்தது, பின்பக்கத்து வளையங்களை எலி தொடவில்லை. வெட்டிய பழைய தக்கையை அவர் எறியவில்லை. அதை அரத்தால் தூளாக்கிப் பசையில் குழைத்து, புது வளையங்களின் மூட்டுகளுக்குள் அடைத்தார். அப்போதுதான் பழைய அழுக்கும் புதுத் தக்கையும் ஒன்றோடொன்று கலக்கும், மூட்டு மறையும். அது அவருடைய கைப்பக்குவம். கடைசிக் கொறித்துண்டும் அந்தத் தூளில் போய்விட்டது.

பெருவிரல் பள்ளத்தில் பாதி மிஞ்சியிருந்தது. தூளாக்குவதற்கு முன் நல்லதம்பி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பள்ளம் வலப்பக்கமாகச் சரிந்திருந்தது. சோற்றுக்கையால் தடி பிடிப்பவரின் பெருவிரல் இடப்பக்கம் சரியும். இது இடக்கைக்காரரின் பள்ளம். ஆழத்தைப் பார்த்தால் பெரிய விரல். ஆனால் குகதாசன் சோற்றுக்கைக்காரர், விரல்களும் குட்டை. சாப்பிடும்போதும், தடி வீசும்போதும், பியர் கிளாசைத் தூக்கும்போதும் நல்லதம்பி கவனித்திருந்தார்.

அதைப்பற்றி அவர் அதற்குமேல் யோசிக்கவில்லை. விடுதித் தடிகள் யாருக்கும் சொந்தமில்லை. போன வருடம் பிடித்தவரின் தேய்வை அழித்து, இந்த வருடம் பிடிக்கப்போகிற கைக்கு ஏற்றபடி உருட்டிக்கொடுப்பதுதான் பதின்மூன்று வருடமாக அவர் செய்த வேலை. பள்ளத்தை எலி தின்றுவிட்டது, புதிதாக ஒன்று தோண்டத்தான் வேண்டும். தோண்டுவதை, பிடிக்கிற மனிசனுக்குப் பொருந்தத் தோண்டினால் என்ன? சாண்ட் பேப்பரைத் தன் பெருவிரலில் சுற்றி, குகதாசனின் கை கிளாசில் எப்படிச் சரியும் என்று நினைத்து நினைத்து, இடப்பக்கமாக ஒரு பள்ளம் தேய்த்தார். அவருடைய வாழ்க்கையிலேயே நல்ல வேலை அதுதான். செய்த பிழையும் அதுதான்.

சனிக்கிழமை தடியைக் கொடுத்தார். வழமையாக ஆட்கள் தடியை வாங்கினால் ஒரு ஆட்டு ஆட்டிப் பார்ப்பார்கள், அல்லது பிடியை மணந்து பார்ப்பார்கள். குகதாசன் அப்படிச் செய்யவில்லை. பெருவிரல் நகத்தைச் செங்குத்தாக வைத்து, பிடியின் நெடுக்கு மெல்ல இழுத்துக்கொண்டு போனார். மூன்றாவது மூட்டில் நகம் ஒரு கணம் நின்றது. அந்த ஒரு மூட்டில்தான் பசை மயிரிழை அளவு தடித்திருந்தது, அது தனக்கு மட்டுமே தெரியும் என்று நல்லதம்பி நினைத்திருந்தார்.

“பரவாயில்லை,” என்றார் குகதாசன்.

பிறகு அவருடைய பெருவிரல் பள்ளத்துக்குப் போனது. போன இடத்தில் அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது. குகதாசன் விரலை எடுத்தார். மறுபடி வைத்தார். நல்லதம்பியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். தடியைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. தண்ணீர் வற்றித் தாமரைக்கொடி கரைவரை கிடந்தது. ஒன்பது மணிக்கு முன்னமே அப்புத்துரை இரண்டு விரால் தூக்கிவிட்டார். குகதாசன் தூண்டிலில் மாட்டியிருந்த ரப்பர் தவளையைக் கடைசியாக ஒரு பெரிய விரால் கவ்வியது. கரையில் நின்ற எல்லோரும் அதன் முதுகைப் பார்த்தார்கள், முழங்கைத் தடிப்பு. குகதாசன் அவசரப்பட்டுச் சுண்டினார். விரால் ஒரு புரட்டுப் புரண்டு கொடிக்குள் போனது, தவளை மட்டும் பறந்துவந்து அவருடைய தொப்பியில் மாட்டியது.

“பிடிச்சிட்டான், தொப்பியைப் பிடிச்சிட்டான்,” என்றார் அப்புத்துரை. “மச்சான், உன்ர இருபது வருசப் பள்ளத்துக்குள்ள அந்த மீனைப் புதைச்சுப்போட்டியோ?”

விடுதிக்கு நடந்துவந்த வழியெல்லாம் அந்தப் பகிடிதான். விறாந்தையில் ஏறியதும் குகதாசன் தடியைச் சாப்பாட்டு மேசையில் கிடத்தினார்.

“மச்சான் சிவராசா, இது என்ர தடியில்லை.”

“என்னடாப்பா கதைக்கிறாய்? உன்ர ரீல் பூட்டிக் கிடக்கு.”

“ரீல் என்ர. தடி மாறியிருக்கு. பள்ளத்தைத் தொட்டுப் பாருங்கோ. அண்டைக்கு எல்லாரும் தொட்டனீங்கள்தானே? என்ர பள்ளம் இந்தப் பக்கம். இது அந்தப் பக்கம்.”

ஒவ்வொருவராக மறுபடி விரல் வைத்தார்கள். உண்மைதான், பள்ளம் பக்கம் மாறியிருந்தது. அப்புத்துரைகூடப் பகிடியை விட்டுவிட்டு, “ஓமடாப்பா,” என்றார்.

“தடியளில ஆர் கை வைக்கிறது?” என்று குகதாசன் கேட்டார். கேட்கும்போதே குசினியைப் பார்த்தார்.

நல்லதம்பி விரால் செதில் ஒட்டிய கையோடு வந்து விறாந்தைக்குக் கீழே நின்றார். சிவராசா விஷயத்தைச் சொன்னார். நல்லதம்பி முதலில் குகதாசனைப் பார்த்தார். வாக்குக் கொடுத்திருக்கிறார், விடுவித்தால்தான் பேசலாம். குகதாசன் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முன்பக்கத்தை எலி கடிச்சுப்போட்டுது முதலாளி. ஐயாதான் கொண்டுவந்து தந்தவர். நான் திருத்தினனான். அதே தடிதான்.”

“எலியோ?” குகதாசன் சிரித்தார். “எந்த எலி? கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கோ, அதையும் விசாரிப்பம்.”

விறாந்தை முழுக்கச் சிரித்தது. சிவராசா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தடியை வெயிலில் நீட்டி, பிடியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

“ஒட்டின இடம் ஒண்டும் தெரியேல்லையே நல்லதம்பி.”

பதின்மூன்று வருடத்தில் அவருடைய வேலையைப் பற்றி முதலாளி சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

“கடிபட்ட தக்கையை எண்டாலும் காட்டு.”

“தூளாக்கி மூட்டுக்குள்ள அடைச்சிட்டன்.”

“பாத்தியளோ?” என்றார் அப்புத்துரை. “சாட்சியை அரைச்சுப் பூசிப்போட்டான்.”

மறுபடி சிரிப்பு. நல்லதம்பிக்குக் காதுக்குள் வெந்நீர் ஊற்றியதுபோல இருந்தது. அவர் மெய்யைச் சொன்னால் போதும் என்று நினைத்தார். மெய்யென்றால் முழுவதும் சொல்லவேண்டும் என்றும் நினைத்தார்.

“பழைய பள்ளம் இடக்கைக்காரற்ற பள்ளம் முதலாளி. பெரிய விரல். ஐயா சோத்துக்கையாலதான் பிடிக்கிறவர், அவருக்கு அது பொருந்தாது. அதுதான் அவற்ற கைக்கு ஏத்தமாதிரி…”

விறாந்தையில் சிரிப்பு நின்றது. அப்புத்துரை குகதாசனின் கையைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். குகதாசன் கையை மேசைக்குக் கீழே எடுத்தார்.

“என்ர கையைப் பற்றி எனக்குச் சொல்லித்தாறார்,” என்றார் மெதுவாக. “சிவராசா, உவன்ர தகப்பனை உனக்கு ஞாபகம் இருக்கோ? எங்கட மெசினைத் தூக்கினவன். பாலைமரத்தில கட்டி வைச்சு எங்கட ஐயா கேட்டவர். அவனும் இப்பிடித்தான், கடைசிவரைக்கும் வாய் காட்டினவன்.”

“மிசினு வாய்க்காலுக்குள்ளதாங்க கெடந்துச்சு,” என்றார் நல்லதம்பி. நாற்பத்தேழு வருடம் வன்னியில் வாழ்ந்து பழகிய பேச்சு அந்த ஒரு வசனத்தில் கழன்று விழுந்தது. “எங்கப்பா எடுக்கலீங்க.”

“கேட்டியளோ? தோட்டத்துக் கதை வந்திட்டுது,” என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். குகதாசன் அதே இழுவையில், “எடுக்கலீங்க, எடுக்கலீங்க,” என்று சொல்லிக்காட்டினார். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்போதுதான் நல்லதம்பி சொன்னார். “தக்கைக்குள்ள நான் எழுதியிருக்கிறன். வியாழக்கிழமைத் தேதியும் என்ர எழுத்தும். எந்த வேலைக்கும் நான் எழுதுறனான்.”

“அப்ப வெட்டிக் காட்டு,” என்றார் குகதாசன்.

நல்லதம்பி சிவராசாவைப் பார்த்தார். “வெட்டினால் பிடி போயிடும் முதலாளி.”

“வெட்டு. கதை முடியட்டும்,” என்றார் சிவராசா.

மீன் வெட்டுகிற கத்தியைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். கதிரை கொடுக்கவில்லை, படியில் குந்திக்கொண்டு தடியைத் தொடையில் கிடத்தினார். எழுதும்போது எப்படிக் கிடத்துவாரோ அப்படி. கிருசாந்தி போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து குனிந்தாள். “அண்ணை, வெளிச்சத்துக்குத் திரும்புங்கோ,” என்றாள். அவர் திரும்பினார்.

முதல் வெட்டுப் பள்ளத்தின் மேலேயே விழுந்தது. தக்கைக்கு இரத்தம் இல்லை, சத்தமும் இல்லை. தேநீர் ஒற்றிய மேல்தோல் பழுப்பாகவும் உள்ளே வெள்ளையாகவும் பிளந்து சுருள் சுருளாக விழுந்தது. இரண்டு நாள் செய்தது ஐந்து நிமிடத்தில் உரிந்தது. ஏழாவது வளையம் கழன்றபோது, காய்ந்த பசைக்குள் கண்ணாடிக்குள் அகப்பட்ட எறும்புபோலப் பென்சில் எழுத்துத் தெரிந்தது. தேதி. பக்கத்தில் ‘ந’.

நல்லதம்பி மூச்சு விட்டார்.

“இதை அவன் எழுதினான் எண்டதுக்குத்தான் இது சாட்சி,” என்றார் குகதாசன். “தடி என்ர எண்டதுக்கு என்ன சாட்சி? களவெடுத்த தடியை வித்துப்போட்டு வேறொரு தடிக்குப் பிடி போட்டாலும் இப்பிடித்தானே எழுதுவான்?”

தலைகள் மெல்ல ஆடின. அது நியாயமாகத்தான் பட்டது.

“பின்னுக்கு இருக்கிற வளையங்களையும் வெட்டு பாப்பம்,” என்றார் அப்புத்துரை. அவருக்கு விளையாட்டு முடிய மனமில்லை. “அதுகளுக்கு எலி வரேல்லைத்தானே? கொம்பனி போட்டது அப்பிடியே இருக்கும்.”

“தேவையில்லை,” என்றார் குகதாசன். ஆனால் நல்லதம்பியின் கத்தி ஏற்கனவே இறங்கிவிட்டது. பழைய தக்கை இலேசில் பிளந்தது. அதற்குக் கீழே, தடியில் வெள்ளை மையில், சரிவான ஆங்கில எழுத்துகள் நான்கைந்து. மீதி இன்னும் தக்கைக்குள் இருந்தது. நல்லதம்பிக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. கிருசாந்தி போனைக் கிட்டக் கொண்டுபோனாள்.

குகதாசன் எழும்பி வந்து தடியை வாங்கினார். “கொம்பனிப் பேர்,” என்றார். துவாயை எடுத்துச் சுற்றினார், பிள்ளையைச் சுற்றுவதுபோல, நுனி முதல் அடிவரை. தன்னுடையதல்ல என்று சொன்ன தடியை இந்த மனிசன் ஏன் இவ்வளவு கவனமாகச் சுற்றிக்கொண்டு போகிறார் என்று நல்லதம்பி பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை, கவனித்திருந்தாலும் கேட்கவில்லை.

சிவராசா நல்லதம்பியைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“எனக்கு விளங்குது நல்லதம்பி. விறாந்தையில எலிப்புழுக்கை கிடந்ததை நானும் கண்டனான்.”

நல்லதம்பி நிமிர்ந்தார்.

“ஆனா அவன் ஆறு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்தவன். நான் உன்ர பக்கம் கதைச்சால் இப்பவே எல்லாரும் வெளிக்கிட்டிடுவினம். நீ இண்டைக்குப் பின்னேரம் போயிடு.” கொஞ்சம் நின்றுவிட்டு, “பேச்சியம்மா நிக்கட்டும். மத்தியானத்துக்கு இருபது பேர்,” என்றார்.

குசினியில் பேச்சியம்மா விரால் தலைகளைச் சட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் அவளுக்குக் கேட்டிருந்தது.

“ஒங்கள யாரு பள்ளம் தோண்டச் சொன்னது?”

“பழசு அவரு கைக்கு ஒத்துவராது. அவரு கையப் பாத்தேன்.”

“கையப் பாத்தீங்க. மூஞ்சியப் பாத்தீங்களா?” அவள் அகப்பையைக் கீழே வைக்கவில்லை. “ஒங்கப்பாவக் கட்டி அடிச்ச வீட்டு ஆளுக்கு, அளவெடுத்துச் சட்டை தச்ச மாதிரி அளவெடுத்துத் தச்சுக் குடுத்திருக்கீங்க. போங்க. எண்ண தெறிக்குது, தள்ளி நில்லுங்க.”

அதற்குமேல் அவள் திரும்பவில்லை. இருபது பேருக்குப் பரிமாறும்வரை அவர் கொட்டிலுக்குள் இருந்தார்.

பின்னேரம் வாசல் படலையடியில் அப்புத்துரை நின்றார். “சும்மா ஒருக்காத் திறந்து காட்டன். பிறகு ஆக்கள் ஏதும் கதைக்காமல் இருக்கும்,” என்று நல்லதம்பியின் பையை வாங்கித் திறந்தார். இரண்டு சாரம், ஒரு சேட்டு, எலிவால் அரம், ரியூப் கீலங்கள், மாப்பால் பேணி. பேணியைக் கவிழ்த்தார். பதின்மூன்று வருடத்துத் தக்கைகள் மண்ணில் கொட்டின. ஆவணிக் காற்று, தக்கைக்குப் பாரமில்லை, வாய்க்கால் பக்கமாக உருண்டு ஓடின. நல்லதம்பி குனிந்து குனிந்து அவற்றைப் பொறுக்கினார். விறாந்தையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பொறுக்கி முடியும்வரை பார்த்தார்கள்.

இப்போது அவர் மாங்குளம் சந்தியில் இருக்கிறார். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், நான்கு தடிக்கு மேல் ஒரு தகரம். குடை திருத்துகிறார், சைக்கிள் சீற் தைக்கிறார், கத்தி மண்வெட்டிக்குப் பிடி போடுகிறார். பேச்சியம்மா இன்னமும் விடுதியில் சமைக்கிறாள். மாதத்தில் ஒருநாள் வந்து, சாரத்தைத் தோய்த்துப் போட்டு, சண்டை பிடித்துவிட்டுப் போகிறாள்.

அவரிடம் ஒரு பொருளையும் வைத்துவிட்டுப் போகமுடியாது. “நிண்டு பாருங்கோ, உங்கட கண்ணுக்கு முன்னால செய்யிறன்,” என்பார். அவசரம், பிறகு வந்து எடுக்கிறேன் என்றால் பொருளைத் திருப்பிக் கையில் கொடுத்துவிடுவார். கறுப்புக் குடைக்குச் சிவப்புத் துணியில் ஒட்டுப் போடுகிறார். மண்வெட்டிப் பிடியில் ஆப்பு வைத்த இடத்தைத் தேய்க்காமல் கொம்புபோல விட்டுவைக்கிறார். ஒரு வாத்தியார், “என்ன நல்லதம்பி, இவ்வளவு அசிங்கமாச் செய்திருக்கிறீர், கொஞ்சம் மறைச்சுத் தைக்கேலாதோ?” என்று கேட்டார். “திருத்தினதெண்டு தெரியவேணும் சேர்,” என்றார் அவர். காதுக்குப் பின்னால் பென்சில் இல்லை.

ஒரு விஷயம் மட்டும் பிந்தித்தான் தெரியவந்தது. கிருசாந்தி அன்று எடுத்த படத்தை அவள் இருக்கிற ஊரில், ஏரிக்கரையில் உள்ள படகுக் கழகம் ஒன்றில் காட்டியிருக்கிறாள். அதிலிருந்த வெள்ளை மை எழுத்துகளை அங்கேயிருந்த வயதானவர்கள், மீதி மறைந்திருந்தும், உடனே வாசித்துவிட்டார்கள். அது கொம்பனிப் பேர் அல்ல. கழகத்தில் அங்கத்தவராக இருந்து செத்துப்போன, இடக்கைக்கார மனிதர் ஒருவருடைய பேர். குகதாசனையும் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அங்கே அவர் இருபத்திரண்டு வருடம் வேலைசெய்தவர். அங்கத்தவர்களின் தூண்டில் தடிகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைப்பதும், எலி கடித்தும் உக்கியும் போன தக்கைப் பிடிகளை வெட்டியெடுத்து, வளையம் வளையமாகப் புதுத் தக்கை ஒட்டி, மூட்டுத் தெரியாமல் தேய்த்துக் கொடுப்பதும்தான் அவருடைய வேலை.